பின்னூட்டத்துக்குத் தடை இல்லை

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு என் கடையின் கண்ணாடிக் கதவில் ஒரு மஞ்சள் தாளை ஒட்டினார்கள். உள்ளே நாற்காலியில் பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் தலை முழுக்கச் சாயத்தோடு உட்கார்ந்திருந்தார். ஒட்டிய ஆள், பசைக் கையைச் சுவரில் துடைத்துக்கொண்டே, "வெள்ளிக்கிழமை சாயங்காலம் தண்ணிய நிறுத்திடுவாங்க" என்று சொல்லிவிட்டு பைக்கில் ஏறிவிட்டார். ஏன், எதற்கு என்று கேட்க நான் வெளியே வருவதற்குள் தெருமுனை திரும்பிவிட்டார்.

என்னுடையது முடி அலங்காரக் கடை. வெட்டுவது பாதி வேலைதான், மீதி எல்லாம் அலசுவது. தண்ணீர் இல்லையென்றால் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு நான் காற்றைத்தான் வெட்ட வேண்டும். எதிர்வரிசையில் புதிதாக ஒரு கடை வேறு வந்திருக்கிறது. என் வாடிக்கையாளர்கள் தெருவைக் கடந்து போக இரண்டு நிமிடம்கூட ஆகாது.

தாளில் இருந்தது இதுதான்: "இக்கட்டடத்தில் பின்னோட்டத் தடுப்பு இல்லை என்று உரிமையாளரே எழுத்து மூலம் தெரிவித்துள்ளதால், குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும்."

பின்னோட்டம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. ஆனால் உரிமையாளர் யாரென்று நன்றாகத் தெரியும். அப்பா விட்டுப்போன கட்டடம் அக்காவின் பேரில் இருக்கிறது. கீழே என் கடை, மாடியில் நாங்கள் இருவரும் குடியிருக்கிறோம். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். அன்றைக்கு மாடிப்படி ஏறி முடிப்பதற்குள் அது தலைக்கே ஏறிவிட்டது.

என் அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு தாள் வைத்திருப்பார்களே, பெட்டியைப் பிரித்ததும் நாமெல்லாம் தூக்கிப் போடுகிற தாள், அதை அச்சுக்குப் போகுமுன் படித்துத் திருத்துவதுதான் அவள் வேலை. இருபத்தாறு வருஷமாகப் படிக்கிறாள். அவள் கண்ணைத் தாண்டி ஒரு புள்ளிகூடத் தப்பாகப் போனதில்லை என்று அவள் அலுவலகத்தில் சத்தியம் செய்வார்கள். சிக்கல் என்னவென்றால், வீட்டுக்கு வந்தாலும் அவள் சிவப்புப் பேனாவை மூட மாட்டாள். பால் உறையைத் திருத்துவாள். சலவைக்காரர் ரசீதைத் திருத்துவாள். என் கடையின் விலைப் பலகையை, வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்காலி போட்டு ஏறித் திருத்தினாள். அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'சிவப்பு மை'. "சிவப்பு மை மேல இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் சிலர் உள்ளேயே வருவார்கள்.

வாரத்தில் இரண்டு நாள் அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை. அன்றைக்கும் சாப்பாட்டு மேசையில் ஒரு இருமல் மருந்துத் தாளை விரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, தண்ணி ஆபீஸ்லேருந்து உனக்கு லெட்டர் ஏதாச்சும் வந்துச்சா?"

"வந்துச்சே. பதிலும் போட்டாச்சு." தலையை நிமிர்த்தவில்லை.

"என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"உன்கிட்ட சொல்ல அதுல என்னடி இருக்கு? அரைப் பக்கக் கடுதாசி, அதுல பதினோரு தப்பு. திருத்தித் திருப்பி அனுப்பினேன்."

அவள் எதற்கும் நகல் வைத்துக்கொள்கிறவள். இழுப்பறையிலிருந்து எடுத்து நீட்டினாள். அலுவலகக் கடிதம் அம்மை போட்ட முகமாகச் சிவந்து கிடந்தது. சந்திப் பிழை, ஒருமை பன்மை, தேதியில் ஒரு குழப்பம். எல்லாவற்றுக்கும் மேலே, 'பொருள்: பின்னோட்டத் தடுப்பு' என்ற வரியில் 'னோ'வை அடித்து 'னூ' போட்டு, இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தாள்.

"பின்னோட்டம்னு ஒரு வார்த்தையே கிடையாது. அது பின்னூட்டம். நாம சொல்ற கருத்து. அதத் தடுக்கறதுக்கு ஒவ்வொரு கட்டடத்துலயும் ஏற்பாடு பண்ணணுமாம், அத வருஷா வருஷம் ஒரு ஆள் வந்து சோதிக்கணுமாம். என்ன தைரியம் பாரு!"

கூடவே அவள் அனுப்பிய பதிலின் நகலும் இருந்தது. வாசித்தேன்.

"ஐயா, குடிமக்கள் தங்கள் பின்னூட்டத்தைச் சொல்வதைத் தடுக்க எந்த அலுவலகத்துக்கும் உரிமை இல்லை. மேற்படி கட்டடத்தில் பின்னூட்டத்துக்கு எவ்விதத் தடுப்பும் இல்லை. இனியும் இருக்காது என்று உறுதியளிக்கிறேன். கீழே கடை நடத்தும் என் தங்கை தினமும் தவறாமல் சொல்கிறாள். நான்தான் காதில் போட்டுக்கொள்வதில்லை."

சிரிப்பதா கத்துவதா என்று தெரியவில்லை. அதைவிட வெட்கக்கேடு, நானும் அவள் சொன்னதைப் பாதி நம்பினேன். எழுத்து விஷயத்தில் அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது எனக்குச் சின்ன வயதிலேயே ஊறிப்போனது.

"சரி, அப்ப எதுக்குத் தண்ணிய நிறுத்தறேங்கறான்?"

"தப்ப சுட்டிக்காட்டினா எவனுக்கும் கோவம் வரத்தான் செய்யும்."

கீழேயிருந்து ஆசிரியையின் குரல் வந்தது. "ஏம்மா, தலை எரியுது! அலசுவீங்களா, இல்ல இப்படியே வீட்டுக்குப் போகட்டுமா?"

ஓடினேன்.

மஞ்சள் தாளின் அடியில், அலுவலகத்தின் அனுமதி பெற்ற சோதனையாளர்களின் தொலைபேசி எண்கள் இருந்தன. முதல் எண்ணுக்கு அடித்தேன். புதன்கிழமை காலை ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயது இருக்கும். நீலச் சட்டை, கையில் ஒரு கனமான இரும்புப் பெட்டி, வாயில் அளந்த பேச்சு. வாசலோரம் மீட்டரைப் பார்த்தார், அதிலிருந்து கட்டடத்துக்குள் போகும் குழாயைக் கையால் தடவிக்கொண்டே வந்தார், "இங்க ஒண்ணுமே இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு கடைக்குள் நுழைந்தார்.

தலை அலசும் தொட்டியின் பக்கத்தில் ஒரு வாளி வைத்திருப்பேன். சாயக் கிண்ணங்களையும் தூரிகைகளையும் அதில்தான் ஊறப் போடுவேன். தலையில் தண்ணீர் தூவ நான் கையில் பிடிக்கும் கைத்தூவல் குழாயை அப்படியே அந்த வாளிக்குள் முக்கி வைத்துவிடுவது என் வழக்கம். அன்றைக்கு வாளியில் இருந்தது அடர்ந்த கத்தரிப்பூ நிறம்.

"இது எப்பவும் இப்படித்தான் கிடக்குமா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. ஊறட்டும்னு."

"அங்கதாங்க விஷயமே இருக்கு."

அதற்குள் அக்கா இறங்கி வந்து கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். விருந்தாளி என்றும் பார்க்க மாட்டாள், வேலையாள் என்றும் பார்க்க மாட்டாள். "தண்ணி குழாய்லேருந்து வெளிய வரும். வாளியிலேருந்து குழாய்க்குள்ள எப்படிங்க போகும்?"

சோதனைக்கார அம்மா விவாதிக்கவில்லை. மீட்டர் பக்கத்து வால்வை இறுக மூடினார். மாடியில் எல்லாக் குழாயும் மூடியிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டார். வாளிக்குள் கிடந்த கைத்தூவலின் திருகைத் திறந்து வைத்தார். அக்காவைப் பார்த்து, "இப்ப வாசல் குழாயத் திறங்க" என்றார். எங்கள் வாசல் குழாய் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் இருக்கும், படி கழுவுவதற்கு. அக்கா குனிந்து திறந்தாள். கொஞ்ச நேரம் நல்ல தண்ணீர் வந்தது. அக்கா என்னைப் பார்த்து, பார்த்தாயா என்பதுபோல் புருவத்தை உயர்த்தினாள். பிறகு குழாய் ஒருமுறை கொப்பளித்தது. வாளியில் மட்டம் இறங்குவதை நான் உள்ளேயிருந்து கண்ணால் பார்த்தேன். வாசலில் கத்தரிப்பூ நிறத் தண்ணீர் அக்காவின் காலில் ஊற்றியது.

"தெருவுல பெரிய குழாய் உடைஞ்சா, இல்ல தீயணைப்பு வண்டி ஒரே மூச்சா தண்ணி இழுத்தா, அழுத்தம் சட்டுனு இறங்கிடும். அப்ப இந்த வாளியில இருக்கறது தெருக் குழாய்க்குப் போகும். அடுத்த வீட்டுல யாராச்சும் அத டம்ளர்ல புடிப்பாங்க. தண்ணி முன்னால ஓடாம பின்னால ஓடுது பாருங்க, அதுக்குப் பேருதான் பின்னோட்டம். கடை, ஆஸ்பத்திரி, மாடி வீடு, எதுவா இருந்தாலும் கட்டடத்துக்காரங்கதான் தடுப்பு வெக்கணும். வருஷத்துக்கு ஒரு தடவ சோதிச்சு அறிக்கை குடுக்கணும்."

அக்கா முகத்தில் ஈயாடவில்லை. குனிந்து அந்தத் தண்ணீரை உள்ளங்கையில் பிடித்துப் பார்த்தாள். "பின்... ஓட்டம்" என்று மெல்லப் பிரித்துச் சொன்னாள். இன்னொரு முறை சொன்னாள். பிறகு குழாயை மூடிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்று அரை நிமிடம் எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்? அந்த அரை நிமிடத்துக்குப் பிறகு பழைய நாட்கள் ஞாபகத்துக்கு வந்தன.

கடை திறந்த புதிதில் ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்காது. எனக்கோ கை பழக வேண்டும். ஒவ்வொரு புதுச் சாயத்துக்கும் தலையைக் கொடுத்தவள் அக்காதான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தானாகவே வந்து நாற்காலியில் உட்காருவாள். ஒருமுறை பழுப்பு வர வேண்டிய இடத்தில் பாசிப் பச்சை வந்துவிட்டது. நான் அழுதேன். அவள் கண்ணாடியில் பார்த்து, "வித்தியாசமாத்தான் இருக்கு" என்றாள். மறுநாள் அந்தத் தலையோடு அலுவலகம் போனாள். சாயங்காலம் திரும்பி வந்தவளிடம், யாராவது ஏதாவது கேட்டார்களா என்று பயந்துகொண்டே கேட்டேன். "எல்லாரும் கேட்டாங்க. உன் கடை விலாசத்தக் குடுத்திருக்கேன்" என்றாள்.

அப்படிப்பட்டவள் புதன்கிழமை மத்தியானத்திலிருந்து தானாக ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. இருமல் மருந்துத் தாளை வைத்துக்கொண்டு ஒரே வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். பேனா மூடி போட்டபடி பக்கத்தில் கிடந்தது.

"அக்கா, ஒரு வார்த்தைதானே. விடேன்."

"எனக்குத் தெரியாத வார்த்தைன்னு தோணவே இல்லடி. இல்லாத வார்த்தைன்னு தோணிச்சு." பேனாவை இன்னும் தள்ளி வைத்துவிட்டு, "இருபத்தாறு வருஷத்துல இந்த மாதிரி எத்தன வார்த்தைய நான் 'சரி' பண்ணிருப்பேன்?"

"ஒண்ணும் பண்ணிருக்க மாட்ட."

"உனக்கு எப்படித் தெரியும்?"

தட்டில் சோற்றைப் போட்டு அவள் முன் வைத்தேன். சாப்பிட்டாள். அதுவே பெரிய விஷயமாக இருந்தது.

வியாழக்கிழமை சோதனைக்கார அம்மா பித்தளையில் செய்த ஒரு சாதனத்தை மீட்டருக்கு அடுத்துப் பொருத்தினார். உள்ளே வில் வைத்த இரண்டு கதவுகள், ஒன்றன்பின் ஒன்றாக. "ஒண்ணு ஏமாந்தா இன்னொண்ணு புடிச்சுக்கும். ரெண்டுமே ஏமாந்தா நடுவுல ஒரு வாய் திறந்து தண்ணிய வெளிய கொட்டிடும். தெருவுக்கு மட்டும் விடாது" என்றார். கைத்தூவல் இனிமேல் வாளிக்குள் போகவே முடியாதபடி சுவரில் ஒரு கொக்கியும் அடித்துக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை காலை, அழுத்தம் பார்க்கும் முள்கருவியை இரண்டு குழாயால் அதில் மாட்டி, ஒவ்வொரு கதவாகச் சோதித்து எண்களை எழுதினார். தேறிவிட்டது. அறிக்கையை அக்காவிடம் நீட்டியபோது, அவள் ஓர் எழுத்தைக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள். அதில் 'உரிமையாளர்' என்பதை இடையின 'ர' போட வேண்டிய இடத்தில் வல்லின 'ற' போட்டு எழுதியிருந்தது. எனக்கே கண்ணில் பட்டது. அவள் திருத்தவில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்கு நாங்கள் இருவரும் தண்ணீர் அலுவலகத்தின் மூன்றாவது ஜன்னல் முன் நின்றோம். எங்களுக்குப் பின்னால் பத்துப் பேர் வரிசையில் இருந்தார்கள். ஜன்னலுக்குள் இருந்த எழுத்தர், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அறிக்கையை வாங்கிப் பார்த்து முத்திரை குத்தினார். அப்பாடா என்று நான் பையை மூடும்போது, "இருங்க" என்று கோப்பைப் பிரித்தார்.

"தடுப்பு வெச்சாச்சு, சரி. ஆனா கடை இணைப்பு வேற கணக்கு. ஆபத்துன்னு தெரிஞ்சும் கடைக்காரங்க அலட்சியமா விட்டிருந்தா மூணு மாசம் கடை இணைப்ப நிறுத்திடுவோம். வீட்டுக்காரங்க செஞ்ச தப்பு, கடைக்காரங்களுக்குத் தெரியாதுன்னா எச்சரிக்கை மட்டுந்தான்."

"எனக்கு எதுவுமே தெரியாதுங்க" என்றேன்.

"அப்படி இல்லையே." ஒரு தாளை உருவினார். அக்காவின் கடிதம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாக வாசித்தார். "'எவ்விதத் தடுப்பும் இல்லை. இனியும் இருக்காது என்று உறுதியளிக்கிறேன். கீழே கடை நடத்தும் என் தங்கை தினமும் தவறாமல் சொல்கிறாள். நான்தான் காதில் போட்டுக்கொள்வதில்லை.'"

வரிசையில் சிரிப்பு கிளம்பியது. எழுத்தர் சிரிக்கவில்லை. "பின்னூட்டம்னு தப்பா எழுதியிருக்கீங்க, பரவால்ல, பின்னோட்டம்னு புரிஞ்சுது. தங்கச்சி தினமும் சொல்லியும் ரெண்டு பேரும் செய்யலன்னா, தெரிஞ்சேதானே விட்டிருக்கீங்க?"

நான்தான் தட்டுத் தடுமாறி, இது ஓட்டம் இல்லை ஊட்டம், நான் தினமும் சொன்னது தண்ணீரைப் பற்றி இல்லை, சும்மா வீட்டு விஷயம் என்றேன். எனக்கே குழப்பமாக இருந்தது.

அவர் ஒரு படிவத்தை எடுத்து ஜன்னல் வழியாகத் தள்ளினார். "அப்படீன்னா உரிமையாளர் எழுதிக் குடுக்கணும். என்ன நடந்துச்சுன்னு. கோப்புல நிரந்தரமா இருக்கும்."

அக்கா என் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். பெயர் எழுதினாள். விலாசம் எழுதினாள். அடுத்த கட்டத்தில் 'தொழில்' என்று இருந்தது, அதற்குக் கீழே 'தவறு நேர்ந்த காரணம்'. பேனா அங்கே நின்றுவிட்டது.

அவள் மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். மருந்துத் தாள் படிக்கிறவள், எனக்குப் படிக்கத் தெரியவில்லை என்று தன் கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டும். அவளுக்கு அந்தக் கண்ணைத் தவிர வேறு பெருமை எதுவும் கிடையாது.

படிவத்தைப் பிடுங்கினேன். "வேணாம்க்கா. சார், எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் விட்டேன். அக்கா மேல தப்பே இல்ல. மூணு மாசம் கடைய மூடிக்கறேன், எழுதிக்கோங்க."

சொல்லி முடித்த பிறகுதான், என்ன சொன்னேன் என்பது என் காதிலேயே விழுந்தது. எதிர்வரிசைக் கடையின் வாசல் கண்முன் வந்து நின்றது.

"அவ பொய் சொல்றா சார்" என்றாள் அக்கா. மூன்று நாளாக வராத குரல், மொத்தமாகத் திரும்பி வந்தது. "பச்சைப் பொய். இவளுக்கு ஒண்ணும் தெரியாது. குடுடி அத."

எழுதினாள். நிறுத்தாமல், அடித்தல் திருத்தல் இல்லாமல், குண்டு குண்டாக எழுதினாள். தோள் வழியாக எட்டிப் பார்த்தேன்.

'தொழில்: மெய்ப்பு வாசித்தல். காரணம்: தவறாக வாசித்தேன். எனக்குத் தெரியாத ஒரு சொல்லை, இல்லாத சொல் என்று நினைத்தேன். பிழை முழுவதும் என்னுடையது. என் தங்கைக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.'

எழுத்தர் அதை இரண்டு முறை படித்தார். எங்களை ஒருவர் மாற்றி ஒருவர் பார்த்தார். "எச்சரிக்கை மட்டும்" என்று முத்திரையைக் குத்தினார். "தண்ணி நிக்காது. போயிட்டு வாங்க." நாங்கள் திரும்பியபோது, "அம்மா" என்று கூப்பிட்டார். "மத்த பத்துத் தப்பும் தப்புதாங்க. நோட்டீஸ மாத்தி அடிக்கச் சொல்லிட்டோம்."

அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். வெளியே வந்து தெருவோரம் நின்றதும் என்மேல் பாய்ந்தாள்.

"மூணு மாசம் மூடறேன்னியே, யோசிச்சுதான் சொன்னியா?"

"யோசிக்கல."

"அறிவிருக்கா உனக்கு? மூணு மாசம் பூட்டிக் கிடந்தா அப்புறம் அந்தக் கடைய எங்கேருந்து தூக்கி நிறுத்துவ?"

"உன் ஆபீஸ்ல இது தெரிஞ்சா? உன் வேலை?"

"நானே போயி சொல்லப் போறேன். திங்கக்கிழமை. நான் படிக்கறத இனிமே இன்னொருத்தரும் படிக்கட்டும். வேணாம்னு அனுப்பிட்டாங்கன்னா வேற வேலை தேடிக்கறேன்." மூச்சு வாங்கினாள். "வேலை தேடினா கிடைக்கும்டி. இன்னொரு தங்கச்சிக்கு நான் எங்க போவேன்?"

ஐம்பது வயது நெருங்குகிற நான், போகிற வருகிறவர்கள் பார்க்க, நடுத்தெருவில் நின்று அழுதேன். இதுபோல ஒரு வார்த்தையை அவள் அதற்குமுன் என்னிடம் சொன்னதே இல்லை. எழுதிக்கூட வைத்ததில்லை. "மூக்கத் தொடச்சுக்கோ" என்று கைக்குட்டையை நீட்டினாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. சாயங்காலத்துக்கு இரண்டு பேர் தலை அலச வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து வேகமாக நடந்தோம்.